குதிரை ஏற்றும் வண்டியின் தரையில் என்ன விரிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தை நெருங்கினால் இந்தக் கேள்விகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். ரேக்ளாவுக்குக் குதிரை கொண்டுபோகிறவர்கள், திருமண ஊர்வலத்துக்கு அனுப்புகிறவர்கள், வடக்கே போய் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை வாங்கிவருகிறவர்கள் எல்லோருக்கும் சந்தேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். குதிரைக்கென்றே செய்த டிரெய்லர் நம் ஊரில் குறைவு. பெரும்பாலும் பொலிரோ பிக்கப், தோஸ்த், தூரம் அதிகம் என்றால் ஐச்சர் லாரி. அதனால் டிரெய்லரையும் சரக்கு வண்டியையும் சேர்த்தே சொல்கிறேன்.

விரிப்பு எதற்கு? அரை மணி நேரப் பயணம்தானே, வெறும் தரையில் ஏற்றினால் என்ன?

ஏற்றாதீர்கள். அரை மணி நேரத்தில் எத்தனை வளைவு, எத்தனை வேகத்தடை, எத்தனை முறை பிரேக் என்று எண்ணிப் பாருங்கள். 350, 400 கிலோ எடையுள்ள ஒரு உயிர், நான்கு குளம்புகளை மட்டும் நம்பி நிற்கிறது. பிடித்துக்கொள்ள அதற்குக் கை கிடையாது. சரக்கு வண்டியின் தரை பெரும்பாலும் இரும்புத் தகடு. லாடம் அடித்த கால் அதன்மேல் ஒருமுறை வழுக்கிவிட்டால், அதன்பிறகு பயணம் முழுக்க அந்தக் குதிரை கால்களை அகட்டி, தசையை இறுக்கிக்கொண்டே நிற்கும். இறங்கும்போது தொடை நடுங்குவதைப் பார்த்து ‘பயணக் களைப்பு’ என்பார்கள். அதில் பாதி தரை செய்த வேலை.

ஆக, பிடிமானம்தான் முதல் காரணம். அடுத்தது சிறுநீர். கெட்டியான தரையில் பெய்தால் காலில் தெறிக்கும், அது குதிரைக்குப் பிடிக்காது, பல குதிரைகள் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் மெத்தென்று ஏதாவது இருந்தால் தயங்காமல் பெய்யும். இதற்கெல்லாம் பிறகுதான் ‘சொகுசு’ வருகிறது. விரிப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘மெத்தென்று இருக்குமா’ என்பதுதான். நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு: வழுக்குமா? தூசு பறக்குமா?

ரப்பர் மேட் மட்டும் போட்டால் போதாதா?

ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அதை ரப்பர் மேட்டில்தான் போடுவேன். மாட்டுக் கொட்டகைக்கு விற்கிறார்களே, ஆறரை அடிக்கு நாலடி, மேலே கோடுகளோ புள்ளிகளோ புடைத்திருக்கும், அது நன்றாகவே ஒத்துவரும். 18 முதல் 20 மில்லிமீட்டர் கனம் பார்த்து வாங்குங்கள். அதைவிட மெல்லியது ஓரம் சுருண்டு எழும்பும், அதில் கால் தட்டும்.

மேட் தரையோடு ஒட்டி, அசையாமல் இருப்பது முக்கியம். இரண்டு மேட் போடுகிறீர்கள் என்றால் நடு இணைப்பில் இடைவெளி விடாதீர்கள், ஓரங்களை வண்டியின் பக்கத்துச் சுவர்வரை சரியாக வெட்டிப் பொருத்துங்கள். போட்டபின் நீங்களே மேலே ஏறி, குதிகாலை ஊன்றித் தள்ளிப் பாருங்கள். உங்கள் எடைக்கே நகர்ந்தால் குதிரைக்கு நிச்சயம் நகரும்.

சாலையின் அதிர்வைக் கனமான ரப்பர் நன்றாக வாங்கிக்கொள்ளும், அது நேராகக் குளம்புக்கும் மூட்டுக்கும் போகாது. ஆனால் ரப்பர் எதையும் உறிஞ்சாது. சிறுநீர் மேலேயே தேங்கும், தேங்கினால் ரப்பரும் வழுக்கும். அதனால்தான் கொஞ்சம் நீண்ட பயணம் என்றால் மேட்டுக்கு மேலே இன்னொன்று தேவைப்படுகிறது.

கயிற்றுப் பாய்?

தேங்காய் நார்க் கயிற்றில் பின்னிய பாய் நல்ல பிடிமானம் தரும். ரப்பர் கிடைக்காத இடத்தில் நான் தயங்காமல் அதைச் சொல்வேன். நனைந்தால் எடை கூடிவிடும், காய இரண்டு நாள் வெயில் வேண்டும், அதுதான் தொல்லை. ஒரே ஒரு கண்டிப்பு: பின்னல் பிரிந்த பாயைப் போடாதீர்கள். தொங்கும் ஒரு கயிற்று வளையத்தில் லாடத்தின் நுனி மாட்டினால், குதிரை மிரண்டு காலை இழுக்கும், அப்புறம் நடப்பதைத் தடுக்க முடியாது. நான்கு மூலையிலும் கட்டிவிடுங்கள்.

வைக்கோல் நல்லதா? எங்கள் ஊரில் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்.

ரப்பர் மேட்டின் மேல் போட்டால் நல்லது. வெறும் இரும்புத் தகட்டின் மேல் போட்டால் ஆபத்து. காய்ந்த வைக்கோல் தாள் வழவழப்பானது, தகட்டுக்கும் குளம்புக்கும் நடுவில் அகப்பட்டால் அதுவே வழுக்கும். தடிமனாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். வண்டி குலுங்கக் குலுங்க வைக்கோல் ஓரத்துக்கு ஒதுங்கி, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் குதிரையின் காலடியில் தகடு தெரிய ஆரம்பித்துவிடும்.

அடுத்தது, குதிரை அதைத் தின்னும். கொஞ்சம் தின்றால் கவலையில்லை. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு, சும்மா நிற்கிற சலிப்பில் காய்ந்த நெல் வைக்கோலாகவே தின்றுகொண்டு வந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றில் சிக்கினால் சூலைதான், அதாவது கடும் வயிற்றுவலி. தின்பதற்கு நல்ல புல்லை வலையில் கட்டிவிடுங்கள், கீழே உள்ளதை அது அவ்வளவாகத் தேடாது.

மூன்றாவது பூஞ்சணம். போர் போட்டு மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல் வெளியே பொன்னிறமாகத்தான் இருக்கும். கட்டைப் பிரித்து நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். கருப்புப் புள்ளியோ, சாம்பல் நிறப் பொடியோ, மக்கல் வாடையோ இருந்தால் அந்தக் கட்டு வேண்டாம். உதறிப் போட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், உதறினால் பூஞ்சண வித்து காற்றில் கலக்கும், அவ்வளவுதான்.

மரத்தூளா, இழைப்புச் சுருளா?

சுருள். தச்சுப் பட்டறையில் இழைப்புளியில் வரும் மெல்லிய சுருளும், அறுவை மில்லில் வரும் பொடித் தூளும் ஒன்றல்ல. சுருள் உறிஞ்சும், மெத்தென்று இருக்கும், குதிரை அதைத் தின்னவும் மாட்டாது. தூள் உறிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் எழும்பி நேராக மூக்குக்குப் போகும்.

குதிரை மூக்கால் மட்டும்தான் மூச்சு விடும். நம்மைப் போல வாயால் இழுத்துச் சமாளிக்க அதற்கு வழி கிடையாது. வண்டியில் தலையை உயர்த்திக் கட்டிவிடுகிறோம். மேயும்போது தலை தாழ்ந்திருப்பதால் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசும் தானாக வடிந்து வெளியேறும். தலை உயர்ந்தே இருந்தால் வடியாது, உள்ளேயே தங்கும், அதில் கிருமி பெருகும். நெடும் பயணம் முடித்த குதிரைக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் நுரையீரல் சளியும் வருவதற்கு இதுதான் முக்கியமான வழி. அந்த நிலைமையில் காலடியிலிருந்து தூசையும் எழுப்பிவிடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசியுங்கள்.

வாங்கும் இடத்திலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். வெயில் கீற்று விழும் இடத்தில் நின்று, இரண்டு கை நிறைய அள்ளி, தோள் உயரத்திலிருந்து கீழே விடுங்கள். சுருள் தரையில் விழுந்த பிறகும் கீற்றில் புகைபோல் ஏதாவது மிதந்துகொண்டிருந்தால் அது வேண்டாம். கொஞ்சம் தூசு என்றால் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிரட்டிக்கொள்ளலாம்.

பட்டறைக்காரரிடம் என்ன மரம் என்று கேளுங்கள். பிளைவுட், எம்டிஎஃப் அறுத்த தூள் என்றால் அதில் பசை கலந்திருக்கும், தொடவே வேண்டாம். கரையான் மருந்து அடித்த பழைய மரமும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவில் கருப்பு வால்நட் மரச் சுருள் கலந்த படுக்கையில் நின்றாலே குதிரைக்குக் குளம்பு அழற்சி வந்துவிடும், சில மணி நேரம் போதும். அங்கே பையின் மேல் என்ன மரம் என்று எழுதாததை வாங்காதீர்கள்.

உமி?

மூடிய வண்டியில், ரப்பர் மேட்டின் மேல், மெல்லியதாக என்றால் பரவாயில்லை. உமி அதிகம் உறிஞ்சாது, சிறுநீர் அதன் வழியே கீழே இறங்கிவிடும். உலர்ந்த உமி குளம்புக்கு அடியில் உருளும். நெல் மில்லில் மலிவாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. திறந்த பிக்கப்பில் போட்டால் கண்ணில் விழும், உமியின் முனை கண்ணைக் கீறும்.

தேங்காய் நார்க்கழிவு பற்றிச் சொல்லுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் நிறையக் கிடைக்கிறதே.

நம் பகுதிக்கு இதுதான் சரியான பொருள் என்று நினைக்கிறேன். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வாடையையும் அடக்கும், குளம்பு அதில் லேசாக அமிழ்ந்து நிற்பதால் வழுக்காது. பயணம் முடிந்ததும் நேராகத் தென்னந்தோப்புக் குழிக்குப் போய்விடும்.

பயன்படுத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எலும்புபோல் காய்ந்த நிலையில் கொட்டினால் செம்மண் புழுதிபோல் எழும்பும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்ததும் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஊதினால் பறக்கவும் கூடாது. கிளம்புவதற்கு முந்தைய இரவே தெளித்து வைத்துவிட்டால் காலையில் இந்தப் பதம் வந்துவிடும். முழுப் பொடியாக இல்லாமல், கொஞ்சம் நாரும் சிறு துண்டு மட்டையும் கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள், ஒதுங்காமல் இருக்கும்.

தின்னும் குதிரை என்றால் முதல் பயணத்தில் கண் வைத்திருங்கள். வயிற்றுக்குள் போய் ஊதினால் அதுவும் அடைப்புதான்.

கரும்புச் சக்கை, கடலைத் தொலி?

இரண்டும் வேண்டாம். சக்கையில் மிச்சமிருக்கும் இனிப்புக்குக் குதிரையும் வரும், ஈயும் வரும். கடலைத் தொலியில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும்.

லாரிக்காரர் மணல் கொட்டிவிடலாம் என்கிறார். சரியா?

மாட்டு லாரியில் பழகிய வழக்கம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள பெட்டியில் 2 அங்குலம் மணல் கொட்டினால் 8 கன அடிக்கு மேல் வரும், 350 கிலோவைத் தாண்டும். இன்னொரு குதிரையை ஏற்றியதற்குச் சமம், அதுவும் சிறிய பிக்கப்பில். எடைக்குப் பயந்து அரை அங்குலம் மட்டும் தூவினால் தகட்டின் மேல் மணல் உருண்டு வெறும் தரையைவிட மோசமாக வழுக்கும். மேலே புல் சிந்தினால் மணலோடு சேர்த்துப் பொறுக்கித் தின்னும், அந்த மணல் குடலின் அடியில் தங்கும். ஆற்று மணல் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் இதற்கு ஏன் அலைய வேண்டும்?

எவ்வளவு கனத்துக்குப் போட வேண்டும்? எந்த இடத்தில்?

மேட்டின் மேல் என்றால் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்கு 2 அங்குலம், நாள் முழுக்க என்றால் 3 அல்லது 4 அங்குலம். அதற்கு மேல் போட்டால் குளம்பு புதைந்து, சமநிலைக்குக் காலை மாற்றி வைக்கச் சிரமப்படும்.

பெட்டி முழுக்க ஒரே அளவாகப் பரப்ப வேண்டும் என்றில்லை. பெண் குதிரை பெய்வது பின்னங்காலுக்குப் பின்னால் விழும், ஆண் குதிரை பெய்வது வயிற்றுக்குக் கீழே, நடுவில் விழும். அந்த இடத்தில் கூடுதலாகப் போடுங்கள். முன்னங்கால் நிற்கும் இடத்தில் குறைவாக இருக்கட்டும், அது மூக்குக்கு நேர் கீழே இருக்கும் இடம். எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்தான் தாங்குகிறது என்பதால் அங்கே மேட் நன்றாக இருந்தால் போதும்.

எங்களுடையது திறந்த பிக்கப். எது போட்டாலும் காற்றில் பறக்கிறதே?

பறக்கும். வண்டி ஓடும்போது ஓட்டுநர் அறைக்குப் பின்னால் காற்று சுழன்று, தரையில் கிடப்பதை மேலே தூக்கும், குதிரையின் முகமும் அங்கேதான் இருக்கிறது. திறந்த வண்டிக்கு என் பதில் எப்போதும் ரப்பர் மேட், அதன் மேல் ஈரப்பதமான நார்க்கழிவு, அது இல்லையென்றால் கட்டிய கயிற்றுப் பாய். வேறு எதுவும் வேண்டாம். முன்பக்கம் குதிரையின் மார்பு உயரத்துக்காவது தார்ப்பாய் கட்டுங்கள். முழுக்க மூடிவிடாதீர்கள், வெயில் காலத்தில் உள்ளே புழுங்கிப்போகும்.

ராஜஸ்தானில் உள்ள புஷ்கரிலிருந்து குதிரை வாங்கிவருகிறோம். 2,000 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை நாளுக்கும் ஒரே விரிப்பா?

அடிமேட் ஒன்றேதான். மேல் விரிப்பைத் தினமும் பாருங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது நல்லது, நிறுத்தும்போது செய்ய வேண்டிய முதல் வேலை தலைக்கயிற்றை நீளமாக விட்டுக் குதிரை தலையைத் தாழ்த்த இடம் கொடுப்பது. அப்போது அது மோந்து பார்ப்பது இந்த விரிப்பைத்தான். சிறுநீரில் ஊறி வாடை அடிக்கும் விரிப்புக்கு மேல் மூக்கை வைத்தால், தலையைத் தாழ்த்தவைத்த பலன் பாதி போய்விடும். லத்தியையும் ஈரமான இடத்தையும் முறத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, கையிருப்பில் இருந்து புதிதாகத் தூவுங்கள். இதற்காகவே இரண்டு மூன்று மூட்டை தனியாக ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பினால், கிடைத்ததைப் போட வேண்டியதாகிவிடும்.

அள்ளுகிறவர் குதிரையின் பின்னங்காலுக்கு நேராக நின்று குனியவே கூடாது. பக்கவாட்டில், தோளை ஒட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் தலைக்கயிற்றைப் பிடித்திருக்கட்டும்.

அம்மோனியா வாடைக்குச் சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ தூவலாமா?

குதிரை உள்ளே இருக்கும்போது இரண்டுமே கூடாது. சுண்ணாம்பு ஈரத்தோடு சேர்ந்து குளம்புக்கு மேலுள்ள தோலை அரிக்கும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சைத் திணறவைக்கும் வாயு உண்டாகும், உங்களுக்கும் சேர்த்துத்தான். வாடை வந்தால் ஈரத்தை அள்ளுவது ஒன்றுதான் வழி. நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. உட்கார்ந்து, முழங்கால் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

சந்தைக்குப் போட்டுப்போன விரிப்பையே திரும்பும்போதும் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பல ஊர்க் குதிரைகள் ஒன்றுகூடும் இடம் அது. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையின் மூக்குச் சளி பட்ட தண்ணீர்த் தொட்டி, தீவனம், படுக்கை வழியாகப் பரவும், மனிதர்களுக்கும் வரும். நோய் உறுதியானால் குதிரையைக் காப்பாற்ற விடமாட்டார்கள், கருணைக்கொலைதான். இரண்டு மூட்டை நார்க்கழிவை மிச்சம் பிடிக்க இந்த ஆபத்து தேவையா? சந்தையில் இறக்கியதும் அள்ளி அப்புறப்படுத்துங்கள், மேட்டைக் கழுவி வெயிலில் காட்டுங்கள், திரும்பும்போது புதிதாகப் போடுங்கள். வாடகை லாரி என்றால் முன்னால் யாரோ போட்ட விரிப்பின் மேல் உங்கள் குதிரையை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

மரப்பலகைத் தரை நல்லதுதானே? அதற்குமேல் மேட் தேவையா?

தேவை, அதோடு மேட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் தேவை. சிறுநீர் ஓரத்தில் கசிந்து அடியில் தங்கும், பலகை மேலே நன்றாகத் தெரியும், கீழே மக்கிக்கொண்டிருக்கும். ஒரு திருப்புளியை எடுத்து, குறிப்பாகப் பின்பக்கமும் ஓரங்களிலும் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக இறங்கினால் அந்தப் பலகையை மாற்றும்வரை குதிரையை ஏற்ற வேண்டாம். ஓடும் வண்டியில் தரை உடைந்து கால் சாலையில் இழுபடுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இரும்புத் தகடும் துருப்பிடிக்கும், வெல்டிங் விட்ட இடத்தைத் தட்டிப் பாருங்கள்.

துருத்தும் ஆணியையும் அப்போதே தேடுங்கள். விரிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஆணி குளம்பின் அடியில் ஏறினால் ரணஜன்னி (டெட்டனஸ்) வரும் வாய்ப்பு அதிகம். கால்நடைகளில் ரணஜன்னிக்கு மிக எளிதாகப் பலியாவது குதிரைதான். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

குட்டியோடு ஏற்றும்போது?

குட்டி படுத்துவிடும். அதனால் இங்கே மட்டும் மேட்டின் மேல் நல்ல வைக்கோல் தடிமனாகப் போடச் சொல்வேன், நார்க்கழிவு அதன் கண்ணிலும் மூக்கிலும் ஒட்டும். தாயின் கால் படாமல் குட்டிக்கு இடம் இருக்க வேண்டும்.

சட்டம் ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. 1978-ல் வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரை, கோவேறு கழுதை, கழுதைக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சாதாரண சரக்கு வண்டி என்றால் தரையில் வழுக்காத பொருள் போட வேண்டும், ஒரு குதிரைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் தடுப்பு வேண்டும், வண்டியில் நான்கு முதல் ஆறு குதிரைக்கு மேல் கூடாது, கூடவே கவனிக்க ஆள் இருக்க வேண்டும், வேகம் 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கால்நடை மருத்துவரின் சான்றிதழும் கட்டாயம். 35-ல் போனால் எப்போது ஊர் போய்ச் சேர்வது என்று ஓட்டுநர் கேட்பார். வளைவில் குதிரை எப்படி நிற்கிறது என்று ஒருமுறை பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள், மறுபடி கேட்கமாட்டார்.

விரிப்பெல்லாம் போட்டும் குதிரை ஏறவே மறுக்கிறது. என்ன செய்வது?

பலகையில் கால் வைத்ததும் எழும் ‘டங்’ என்ற சத்தத்துக்குத்தான் பல குதிரைகள் பின்வாங்கும். ஏறும் பலகை மேலேயும் ஒரு மேட்டோ கயிற்றுப் பாயோ கட்டி, உள்ளே போட்ட விரிப்பையே அதன்மேலும் கொஞ்சம் தூவுங்கள். அதன் லாயத்தில் இருந்து நேற்றைய படுக்கையை ஒரு கூடை அள்ளிவந்து உள்ளே சேர்த்தால் இன்னும் நல்லது, தன் வாடை இருக்கும் இடத்துக்குள் அது சுலபமாக வரும்.

அள்ளிய விரிப்பை எங்கே கொட்டுவது?

மக்கவைத்துத் தோப்புக்குப் போடலாம். குதிரை மேயும் இடத்தில் மட்டும் பச்சையாகக் கொட்டாதீர்கள், லத்தியில் இருக்கும் புழு முட்டை புல்லில் ஏறி மறுபடி அதன் வயிற்றுக்கே போகும்.